‘நல்லாயிருக்கு’ என்ற பதிலை என்ன விலைக்கு எடுப்பது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடை திறந்த கையோடு என் தங்கச்சியின் மகன் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். கணினிப் பட்டம் முடித்தவன். இரண்டு கூட்டாளிமாருடன் சேர்ந்து ஏழு மாதமாக ஏதோ ஒரு மென்பொருள் செய்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். "மாமா, வேலை முடிஞ்சிது. நோன்புச் சீசனுக்கு முந்தி விக்கத் தொடங்கணும். முதல் ஆளா நீங்க எடுங்க" என்றான்.

விடயம் இதுதான். கடைக்காரர் ஒருவர் கணினி மொழி எதுவும் தெரியாமலே தன் கணினிக்குத் தானே கட்டளை போடலாம். திரையின் ஓரத்தில் நிறநிறமாகக் கட்டைகள் இருக்கின்றன. ‘இருப்பு 10க்குக் கீழே போனால்’ என்பது ஒரு கட்டை. ‘எனக்குச் செய்தி அனுப்பு’ என்பது இன்னொரு கட்டை. சுட்டியால் இழுத்து இரண்டையும் பொருத்தி விட்டால், சாமான் குறையும்போது முதலாளியின் கைத்தொலைபேசிக்குத் தகவல் வரும். கட்டளையை எழுதாமல் படம் போல அடுக்கிச் செய்வதால் இதைக் கட்புல செய்நிரலாக்கம் என்கிறார்கள்.

"எத்தனை பேருக்குக் காட்டினீங்க மகன்?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு பேர் இருக்கும் மாமா. எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னாங்க."

"அதில எத்தனை பேர் காசு தந்தாங்க?"

பையன் பேசவில்லை. இருபத்தைந்து பேரும் யார் என்று விசாரித்தால் பாதிப் பேர் கூடப் படித்தவர்கள், மீதிப் பாதி நம்முடைய குடும்பம். இந்த வேலைக்குள் அவனுடைய வாப்பாவின் பணிக்கொடையிலிருந்து நாலு இலட்சம் ரூபா போயிருக்கிறது. இன்னும் மூன்று இலட்சம் விளம்பரத்துக்கு வேண்டுமாம். அதைக் கேட்கத்தான் உண்மையில் என்னிடம் வந்திருக்கிறான் என்பது தேநீர் குடித்து முடிக்கும்போது விளங்கியது.

இந்தப் பத்தியை வாசிக்கும் பலருக்கு மென்பொருளோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனாலும் புதிதாக ஒரு மசாலாப் பக்கற்றோ, புது மாதிரிச் செருப்போ, ஒரு கேக்கோ சந்தைக்குக் கொண்டு வருபவர் எல்லோருக்கும் இந்த இருபத்தைந்து ‘நல்லாயிருக்கு’ கிடைக்கத்தான் செய்யும். அதை என்ன விலைக்கு எடுப்பது என்பதுதான் கேள்வி.

நானும் ஒருமுறை அப்படிச் சொன்னவன்தான்

2004ஆம் ஆண்டு என் ஹார்ட்வெயார் கடைக்கு முதன்முதலாகக் கணினியில் பில் போடும் முறையை எடுத்தேன். 85,000 ரூபா. அந்தக் காலத்தில் அது சின்னக் காசல்ல. விற்க வந்த இளைஞர் டை கட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் அழகாகச் செய்து காட்டினார். நானும் ‘நல்லாயிருக்கு’ என்றேன். கெஷியரில் இருந்தவர் வாப்பாவின் காலத்திலிருந்து எங்களோடு இருந்த ஒரு நானா. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹார்ட்வெயார் கடையில் வாடிக்கையாளர் ஒரே மூச்சில் சாமான் சொல்லி முடிப்பதில்லை. பில் பாதி போட்ட பிறகு "அந்த நாலு லீட்டர் பெயின்ட் வேணாம், ஒரு லீட்டர் போதும்" என்பார். மேசன் பாஸ் தொலைபேசியில் வேறு அளவு சொல்வார். அந்த மென்பொருளில் ஒருமுறை போட்ட வரியை எடுப்பதென்றால் முதலாளியின் இரகசியச் சொல் வேண்டும். முதலாளி வங்கியில் நிற்பார், அல்லது லுஹருக்குப் போயிருப்பார். வரிசை வாசல் வரை நீளும். நானா என்ன செய்தார் தெரியுமா? பகலில் பழையபடி கையால் பில் எழுதினார். இரவு கடை மூடிய பின் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். ஒரு வேலை இரண்டு வேலையானது. மூன்றாம் மாதம் கணினிக்கு மேல் துணி போர்த்தியாயிற்று.

விற்றவர்களின் ஆள் ஒருவர் ஒரு மணித்தியாலம் கெஷியருக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் இதைக் கண்டிருப்பார். அவர்கள் மீது மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. வாங்கிய நான் பாவிக்கப் போகிறவன் அல்ல. பாவிக்கப் போகிறவரின் வாயிலிருந்து ஒரு சொல் வரும் முன்னரே நான் காசோலை எழுதி விட்டேன்.

பிடிக்காவிட்டால் எழுந்து போகும் பிள்ளைகள்

மருமகனின் வேலைக்கு முன்மாதிரி எது என்று கேட்டேன். ‘ஸ்கிராட்ச்’ என்றான். என் இளைய மகனும் பூனைப் படம் ஒன்றை அங்குமிங்கும் ஓட வைத்து விளையாடுவது அதில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிச்சல் ரெஸ்னிக் என்பவரின் குழு செய்தது. 2003இல் தொடங்கிய வேலை, 2007இல்தான் பொதுமக்களின் கைக்கு வந்தது. அதன் பிறகும் 2013இல் இரண்டாம் பதிப்பு, 2019இல் மூன்றாம் பதிப்பு என்று திருத்திக்கொண்டே வந்தார்கள்.

அந்த நாலு வருடத்தில் அவர்கள் யாரிடம் காட்டினார்கள் என்பதைத்தான் வியாபாரி கவனிக்க வேண்டும். வகுப்பறையில் காட்டியிருந்தால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பயந்து கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள். 1993இல் பொஸ்டன் நகரத்தில் தொடங்கிய ‘கம்பியூட்டர் கிளப்ஹவுஸ்’ என்ற நிலையங்கள் பிறகு பல ஊர்களில் இருந்தன. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் தாமாகவே வந்து போகும் இடங்கள் அவை. அங்கே ஹாஜர் எடுப்பதில்லை, பரீட்சையும் இல்லை. சாமான் பிடிக்காவிட்டால் பிள்ளை எழுந்து அடுத்த கணினியில் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். கடைத்தெருவில் நடந்து போகும் வாடிக்கையாளரும் அதே ரகம்தான்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் அப்படியான ஒரு நிலையத்தில் 18 மாத காலம் பிள்ளைகள் ஸ்கிராட்சில் செய்தவற்றை எடுத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். மொத்தம் 536 வேலைகள். பிள்ளைகளிடம் ‘பிடித்ததா?’ என்ற கேள்வித்தாளை நீட்டுவதற்குப் பதிலாக, அவர்கள் செய்து வைத்ததை எண்ணினார்கள். 111 வேலைகளில் கட்டளைக் கட்டை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் அதைப் படம் வரையவும் ஒலி சேர்க்கவும் மட்டும் பாவித்திருந்தார்கள். மீதி 425இல் ஏறத்தாழப் பாதியில், ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டை இருந்தது. ஆனால் எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘மாறி’ என்ற கட்டை வெறும் 41இல்தான்.

நம்மில் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் என்ன சொல்வார்? ஓடாத சாமான், அடுத்த முறை எடுக்காதே என்பார். அவசரப்படக் கூடாது. ரெஸ்னிக் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் விளையாட்டைச் செய்துகொண்டிருந்த ஒரு சிறுவனுக்குப் புள்ளி எண்ணத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் அமர்ந்து மாறிக் கட்டையைக் காட்டிக் கொடுத்தார். சிறுவன் கை நீட்டி அவருடைய கையைப் பிடித்து மூன்று தடவை நன்றி சொன்னான். தேவை இருந்திருக்கிறது. தானாகக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் சாமான் கிடந்திருக்கிறது. நம்முடைய கடையிலும் பின் தட்டில் தூசு படியும் சாமானில் எத்தனை, ஆளுக்கு வேண்டாதது, எத்தனை, ஆளின் கண்ணில் படாதது? எண்ணிக்கை ஒரு பாதியைத்தான் சொல்லும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் மறு பாதி தெரியும்.

இன்னொன்று. ஸ்கிராட்ச் பாவனையாளருக்குப் பிழைச் செய்தி காட்டுவதில்லை. பொருந்தாத கட்டை பொருந்தாது, அவ்வளவுதான். பாதி செய்த வேலையை மேசையில் சாமான் பரப்பி வைப்பது போலத் திரையில் அப்படியே விட்டு வைக்கலாம். கட்டைகளின் எண்ணிக்கையையும் வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். கேட்டதையெல்லாம் சேர்த்தால் சாமான் கனத்துவிடும் என்பது கடை நடத்துபவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

இழுத்துப் பொருத்தும் மென்பொருள் என்றாலே இலகு என்று நினைக்கக் கூடாது. தொமஸ் கிரீன், மேரியன் பீட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் எழுதிய ஓர் ஆய்வு இதற்கு நல்ல மருந்து. லெப்வியூ என்பது 1986இல் வந்த கட்புல மென்பொருள். பெட்டிகளைக் கம்பி போன்ற கோடுகளால் இணைத்து வேலை செய்ய வேண்டும். பொறியியலாளர் மத்தியில் பெயர் பெற்றது. எழுத்தால் கட்டளை இடும் பழைய பேசிக் மொழியிலும் லெப்வியூவிலும் ஒரே செய்நிரலை எடுத்து, அதில் ஒரே மாதிரியான மாற்றத்தைச் செய்யச் சொல்லி ஒரு சிறிய பரிசோதனை நடத்தினார்கள். பேசிக்கில் ஒரு நிமிடம் சொச்சம். லெப்வியூவில் எட்டு நிமிடத்துக்கு மேல்! ஒரு பெட்டியை நுழைக்க வேண்டுமென்றால் மற்றப் பெட்டிகளை நகர்த்தி இடம் பிடித்து, கோடுகளை அறுத்து மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. கித்துள் பாணியைக் கரண்டியால் கலக்கும்போது கை கனப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதற்குப் பிசுபிசுப்பு என்ற அர்த்தம் வரும் பெயரைத்தான் வைத்தார்கள்.

முதல் நாள் காட்சியில் இது தெரிய வராது. செய்து காட்டுபவர் வெறும் திரையில் தொடங்குவார், இரண்டு கட்டையை இணைப்பார், வேலை செய்யும். எல்லோரும் கை தட்டுவார்கள். முன்பு செய்ததை மாற்ற வேண்டிய நாளில்தான் பாவனையாளர் வியர்ப்பார். எனது 85,000 ரூபாவும் அங்கேதான் போனது. ஆகவே மருமகனிடம் நான் போட்ட முதல் நிபந்தனை, ஒரு கடைக்கு இரண்டு தடவை போக வேண்டும் என்பது. முதல் நாள் புதிதாகச் செய்யச் சொல். ஒரு கிழமை கழித்துப் போய், அதே வேலையில் 10ஐ 25ஆக மாற்றச் சொல், சீனியோடு பருப்பையும் சேர்க்கச் சொல்.

எத்தனை கடை? இந்தத் துறையில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே குறைகளில் ஏறத்தாழ 85 வீதம் வெளியே வந்துவிடும் என்று. பதினைந்து பேரை ஒரே தடவையில் பார்ப்பதை விட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, பிறகு வேறு ஐந்து பேர், அதன் பின் இன்னும் ஐந்து பேர் என்று போவது நல்லது என்பது அவருடைய யோசனை. சிறு முதலாளிக்கு இது தாங்கக்கூடிய செலவு. ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே வார்ப்பாக இருந்தால் கணக்குப் பிழைக்கும். பல்கலைக்கழகக் கூட்டாளிமார் ஐந்து பேர் என்பது என் கணக்கில் ஒரு ஆள்தான்.

மூன்று கடைகளில் கண்டது

விளம்பரத்துக்கு ஒரு சதமும் தர மாட்டேன், ஆனால் மூன்று நாள் உன்னோடு வருகிறேன் என்று சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கச்சியும் இரவு தொலைபேசி எடுத்து, "பிள்ளைட மனச உடைக்காதீங்க நானா" என்றாள். உடைவது இப்போதே உடையட்டும், சீசனில் நாலு இலட்சத்தோடு சேர்ந்து உடைய வேண்டாம் என்றேன். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு கவலைப்பட்டேன்.

முதலில் ஒரு மளிகைக் கடை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். "நானா, சீனி குறைஞ்சா உங்களுக்குத் தகவல் வர மாதிரிச் செய்து பாருங்க" என்று வேலையை மட்டும் சொன்னோம். எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்டோம். 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் என்பவர் எழுதி வைத்த முறை இது. நம்முடைய ஆட்களுக்கு அது பழக்கமான காரியம், கணக்குப் பார்க்கும்போது வாய் தானாகவே முணுமுணுக்கும்.

அவர் கட்டையை இழுத்தார். பாதி வழியில் விரல் நழுவியது. கட்டை பழைய இடத்துக்கே பறந்து போய்விட்டது. "ஐயோ மகன், ஒடச்சிட்டேனா?" என்று கையை எடுத்துவிட்டார். மருமகன் பாய்ந்து, "இல்ல நானா, இங்க பிடிங்க" என்று சுட்டியைப் பிடித்தான். நான் அவனை இழுத்துக்கொண்டு போய் அரிசி மூட்டை மீது உட்கார வைத்தேன். விற்ற பின் ஒவ்வொரு கடையிலும் நீ போய் நிற்பாயா? அதன் பிறகு இருபது நிமிடம் அவன் வாய் திறக்காமல் இருந்ததுதான் அவன் செய்த ஆகப் பெரிய வேலை. அந்த இருபது நிமிடத்தில் ‘நிபந்தனை’ என்று எழுதியிருந்த பெட்டியை முதலாளி ஒரு தடவையும் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டோம். "அது கம்பெனிக்காரங்கட சட்டதிட்டம் என்று நினைச்சேன்" என்றார். பையன்கள் மூவருக்கும் அந்தச் சொல் பாடப் புத்தகத்திலிருந்து வந்தது. கடைக்காரருக்கு நிபந்தனை என்றால் வங்கிக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது.

இரண்டாவது ஒரு ஃபார்மஸி. அங்கே இருந்த பெண் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்து முடித்துவிட்டார். மருமகன் சந்தோஷப்பட்டான். அடுத்த கிழமை போய் மாற்றச் சொன்னபோது, முன்பு செய்தது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பழையதைத் தேடாமல் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார். இப்போது ஒரே மருந்துக்கு இரண்டு கட்டளை, இரண்டு செய்தி!

மூன்றாவது, புடவைக் கடை. அந்த முதலாளி திரையைப் பார்த்துவிட்டு ஸ்டொக் பக்கமே போகவில்லை. "குறையுறது எனக்குக் கண்ணால தெரியும் தம்பி. முப்பது நாளாக் காசு தராத ஆளை இது காட்டித் தருமா?" என்று கேட்டுக் கடன் கொப்பியை எடுத்து வைத்தார். நாங்கள் எதுவும் சொல்லாமலே, ‘இருப்பு’ என்ற இடத்தில் ஆட்களின் பெயரையும் ‘எண்ணிக்கை’ என்ற இடத்தில் கடன் தொகையையும் போட்டுப் பார்த்தார். அரைகுறையாக வேலை செய்தது.

மருமகன் திரும்பி வரும்போது, "அவர் பிழையாப் பாவிக்கிறார் மாமா" என்றான். பிழையல்ல என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் இன்டியுட் நிறுவனத்தின் ஸ்கொட் குக், குயிக்கன் என்ற வீட்டுக் கணக்கு மென்பொருளை விற்ற காலத்தில், தம்முடைய ஆட்களைக் கடைகளில் நிறுத்தி வைப்பார். யாராவது குயிக்கன் வாங்கினால், உங்கள் வீட்டுக்கு வந்து நீங்கள் பாவிப்பதைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுக் கூடவே போவார்கள். வீட்டுக் கணக்குக்கென்று செய்த பொருளைப் பலர் தம் சிறு வியாபாரத்துக்குப் பாவிப்பது தெரிய வந்தது. முறையான கணக்கியல் மென்பொருள்கள் அப்போதும் இருந்தன. பற்று, வரவு இரட்டைப் பதிவு தெரியாத சிறு முதலாளிக்கு அவை ஒத்து வரவில்லை. அதிலிருந்து 1992இல் வந்ததுதான் குயிக்புக்ஸ். பிற்காலத்தில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் வருமானம் கொடுத்த பொருள் அது.

கேள்வியும் காசும்

இந்த மூன்று இடத்திலும் ‘இது நல்லமா? வாங்குவீங்களா?’ என்று கேட்க வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தேன். தேநீர் ஊற்றித் தந்த மனிதர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்பதற்கு எவரும் நல்ல பதில் தருவார். நேற்று என்ன செய்தீர்கள் என்பதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டிவரும். கடைசியாகச் சாமான் முடிந்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது எப்போது, அதனால் என்ன நட்டம், அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்டால் மளிகைக் கடைக்காரர் யோசித்து, "அப்படி ஒண்டும் பெரிசா நடக்கல்ல" என்றார். அந்த ஒரு பதிலுக்கு இருபத்தைந்து ‘நல்லாயிருக்கு’களையும் நான் மாற்றிக் கொடுப்பேன். புடவைக் கடைக்காரரிடம் கடன் பற்றிக் கேட்டபோது, கொப்பியைப் புரட்டி, மூன்று பேரின் பெயரையும் தொகையையும் மனப்பாடமாகச் சொன்னார். குரலே மாறியிருந்தது.

கடைசியில் காசைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு இன்ன விலை, இப்போது 2,000 ரூபா முற்பணம், மூன்று மாதத்தில் சரிவராவிட்டால் காசு திருப்பித் தரப்படும் என்று எழுதிக் காட்டினான். மளிகைக் கடைக்காரர் "பிறகு பார்ப்போம் மகன்" என்றார். ஃபார்மஸி முதலாளி தொலைபேசியில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் சொல்லவில்லை. புடவைக் கடைக்காரர் லாச்சியைத் திறந்து இரண்டு ஆயிரம் ரூபாத் தாளை மேசையில் வைத்து, "கடன் காட்டுற மாதிரிச் செய்து கொண்டு வாங்க" என்றார்.

நோன்புச் சீசனுக்குள் விற்கும் எண்ணத்தை மூவரும் கைவிட்டிருக்கிறார்கள். ‘நிபந்தனை’ பெட்டியின் பெயர் இப்போது ‘எப்போது?’ என்றிருக்கிறது. கட்டை பாதி வழியில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, பறந்து போவதில்லை. கடன் விடயத்தை வைத்து வேறொரு திரை தயாராகிறது. அந்த 2,000 ரூபாவை மருமகன் செலவழிக்காமல் ஒரு கடித உறையில் போட்டு வைத்திருக்கிறான். வருகிற வியாழக்கிழமை நாலாவது கடைக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அது ஒரு செருப்புக் கடை. முதலாளிக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது.